கேமுக்குக் கதை எழுத ஆசையா? முதல்ல ஒரு சாய்ஸுக்கு விலை வைங்க!

பேய்ப்படம் பார்க்கும்போது தியேட்டரில் ஒரு குரல் கட்டாயம் கேட்கும். "டேய், அந்தக் கதவைத் திறக்காதடா!" ஹீரோவுக்கு அது காதில் விழாது. போய்த் திறந்து, வாங்கிக் கட்டிக்கொள்வார். நாமும் பாப்கார்னை மென்றுகொண்டே பார்ப்போம்.

வீடியோ கேமில் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பதே நாமதான். திறக்கலாம், திரும்பிப் போகலாம், ஐந்து நிமிஷம் சும்மாவும் நிற்கலாம். இந்த மூன்றுக்கும் ஒருவர் முன்கூட்டியே யோசித்து எழுதி வைத்திருக்க வேண்டும். அவர்தான் கேம் ரைட்டர்.

'நமக்கும் கதை எழுத வரும், கேமும் பிடிக்கும், ரெண்டையும் சேர்த்து ஏதாவது பண்ணலாமா?' என்று யோசிக்கிறவரா நீங்க? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். கோடிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு போன், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

ஒரு குகையில ஆரம்பிச்ச கதை

1975-76 வாக்கில் அமெரிக்காவில் வில் க்ரௌதர் என்றொரு புரோகிராமர் இருந்தார். குகைகளுக்குள் இறங்கி அவற்றின் வரைபடம் தயாரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. விவாகரத்துக்குப் பிறகு தன் மகள்களுக்காக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதினார். அதில் படமே கிடையாது. எல்லாம் எழுத்துதான். நீங்கள் ஒரு சாலையின் முடிவில், சின்னச் செங்கல் கட்டடம் ஒன்றின் முன்னால் நிற்பதாகத் திரையில் வரும். 'உள்ளே போ', 'விளக்கை எடு' என்பதுபோல ஒன்றிரண்டு வார்த்தைகளை டைப் செய்தால் கதை நகரும். 1977-ல் டான் வுட்ஸ் என்பவர் அதை இன்னும் பெரிதாக்கினார். 'கொலோஸல் கேவ் அட்வென்ச்சர்' என்ற பெயரில் அது பரவியது.

புத்தகத்திலும் இதே விஷயம் வந்தது. 1979-ல் எட்வர்ட் பேக்கர்ட் எழுதிய 'தி கேவ் ஆஃப் டைம்' வெளியானது. 'இதைச் செய்வதென்றால் இந்தப் பக்கத்துக்குப் போ, அதைச் செய்வதென்றால் அந்தப் பக்கத்துக்குப் போ' என்று வாசகரையே முடிவெடுக்க வைத்த புத்தகம். அதில் தொடங்கிய 'சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்' வரிசை உலகம் முழுக்க விற்றுத் தீர்த்தது. 2018-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'பேண்டர்ஸ்நாட்ச்' நினைவிருக்கிறதா? ரிமோட்டால் நாமே கதையைத் திருப்பிய அந்தப் படம் இந்தப் பரம்பரையின் பேரப்பிள்ளைதான்.

கேம் ரைட்டர் அப்படி என்னதான் எழுதுவார்?

வசனம் மட்டும்னு நினைச்சா தப்பு. ஒரு பெரிய கேமில் எழுத்து வேலை பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும்.

நடுநடுவே சினிமாபோல ஓடும் காட்சிகள் ஒன்று. கதாபாத்திரங்களோடு நாம் பேசும் கிளை உரையாடல்கள் இன்னொன்று. தெருவில் நடக்கும்போது பக்கத்தில் போகிற ஆள் "ஏய், பார்த்துப் போ!" என்று கத்துவாரே, அந்தத் துக்கடா வரிகளுக்கு 'பார்க்' என்று பெயர். நாய் குரைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் அது. காவலாளி நம்மைப் பார்த்துவிட்டால் சொல்கிற வரியையே இருபது விதமாக எழுத வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டு விளையாடுகிறவர் கடுப்பாகிவிடுவார். இதுபோக, பொருள்களின் விவரம், கடிதங்கள், சுவர் போஸ்டர்கள், 'அடுத்து இங்கே போ' என்ற குறிப்புகள் என்று பட்டியல் நீளும்.

ஸ்கிரிப்டும் சினிமா ஸ்கிரிப்ட் மாதிரி இருக்காது. பல இடங்களில் எக்ஸெல் ஷீட்தான். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண், பேசுகிறவர் பெயர், வசனம், 'எந்தச் சூழ்நிலையில் இது வரும்' என்ற குறிப்பு என வரிசையாகப் போகும். டப்பிங் பேசுகிறவரும் மொழிபெயர்ப்பவரும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். அந்தக் குறிப்பு இல்லையென்றால், அழுதுகொண்டே பேச வேண்டிய வரியை ஒருவர் சிரித்துக்கொண்டே பேசிவிட்டுப் போவார்.

இந்தத் துறையில் 'நேரேட்டிவ் டிசைனர்' என்ற பெயரும் அடிக்கடி காதில் விழும். ரைட்டர் வார்த்தைகளை எழுதுகிறார். கதையை விளையாட்டின் எந்த இடத்தில், எந்த வடிவத்தில் ஆட்டக்காரரிடம் கொண்டுசேர்ப்பது என்று திட்டமிடுகிறவர் நேரேட்டிவ் டிசைனர். சின்ன நிறுவனங்களில் ரெண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பார்.

சாய்ஸ்னா என்ன... விலை இருந்தாத்தான் சாய்ஸ்!

கேம் எழுத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இது. 'நல்லவனா இரு / கெட்டவனா இரு' என்று ரெண்டு பட்டன் வைத்தால் அது சாய்ஸே இல்லை. பெரும்பாலானவர்கள் நல்லவனைத் தொட்டுவிட்டுப் போவார்கள். எதைத் தொட்டாலும் ஏதோ ஒன்று கைவிட்டுப் போகணும். அப்போதுதான் விரல் ஒரு நொடி நிற்கும்.

இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி ஒரு கேம் இருக்கிறது. லூகாஸ் போப் ஏறக்குறைய தனி ஆளாக உருவாக்கி, 2013-ல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் ஓர் அதிகாரி. பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்துவதுதான் வேலை. எத்தனை பேரைச் சரியாகச் சோதிக்கிறீர்களோ, அதற்கேற்ற சம்பளம். அந்தக் காசில்தான் வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு, உடம்பு முடியாதவர்களுக்கு மருந்து எல்லாம்.

ஒருநாள் ஒருவர் வருகிறார். பேப்பர் எல்லாம் சரி, உள்ளே அனுப்புகிறீர்கள். 'அடுத்து என் மனைவி வர்றாங்க, கொஞ்சம் பார்த்துக்கங்க' என்ற தொனியில் சொல்லிவிட்டுப் போகிறார். மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. உள்ளே விட்டால் உங்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு வரும். தவறுகள் கூடினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். விடாவிட்டால் அந்தத் தம்பதி பிரிந்துவிடும். இங்கே நல்லவர் பட்டன், கெட்டவர் பட்டன் என்று எதுவும் இல்லை. முத்திரை மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் யார் பட்டினி கிடப்பது என்ற கணக்கும் அதற்குப் பின்னால் ஓடுகிறது. இந்த கேம் 2022-ல் போனுக்கும் வந்துவிட்டது. கேம் எழுத ஆசைப்படுகிறவர்கள் ஒருமுறையாவது விளையாடிப் பார்க்கலாம்.

இன்னொரு உதாரணம், டெல்டேல் நிறுவனத்தின் 'தி வாக்கிங் டெட்' (2012). பேச வேண்டிய நேரத்தில் திரையில் ஒரு கோடு குறைந்துகொண்டே வரும். அதற்குள் பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதையும் தொடாமல் இருந்தால் உங்கள் கதாபாத்திரம் மௌனமாக இருந்ததாகக் கதை எடுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றால் என்ன அர்த்தம் வருமோ, அதே அர்த்தம்தான். மௌனத்தையும் ஒரு பதிலாக எழுதலாம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து சாய்ஸ்... ஆயிரம் கிளைமாக்ஸ்!

ஆர்வத்தில் எல்லாரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒவ்வொரு சாய்ஸுக்கும் ரெண்டு வழி, ரெண்டும் தனித்தனிக் கதை என்று எழுதத் தொடங்கினால் என்ன ஆகும்? மூன்றாவது சாய்ஸ் முடியும்போது 8 முடிவுகள். ஐந்தில் 32. பத்தாவது சாய்ஸில் 1,024 முடிவுகள். ஒரு முடிவுக்கு ஒரு பக்கம் என்றாலும், கிளைமாக்ஸுக்கு மட்டும் ஆயிரம் பக்கம் எழுதணும். விளையாடுகிறவர் அதில் ஒன்றைத்தான் பார்ப்பார்!

அதனால் அனுபவசாலிகள் கதையைப் பிரித்துவிட்டு, மறுபடியும் சேர்ப்பார்கள். ஆறு ஒரு திட்டைச் சுற்றி ரெண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல. எந்த வழியில் போனாலும் எல்லாரும் வந்து சேரும் சில முக்கியக் காட்சிகளை முதலில் முடிவு செய்துகொள்வார்கள். நடுவில் உள்ள வழிகள் மட்டும் மாறும்.

'அப்போ எல்லாம் ஏமாத்து வேலையா?' என்று கேட்கலாம். இல்லை. காட்சி ஒன்றாக இருந்தாலும், அந்தக் காட்சி நீங்கள் வந்த வழியை ஞாபகம் வைத்திருக்கணும். 'பெரியவருக்கு உதவினாரா? ஆம் / இல்லை' என்பதுபோல ஒரு சின்னக் குறிப்பைக் கம்ப்யூட்டர் சேமித்து வைத்துக்கொள்ளும். பின்னால் வரும் காட்சியில் ஒரேயொரு வரி அதற்கேற்ப மாறினால் போதும், விளையாடுகிறவருக்குப் பக்கென்று இருக்கும். டோபி ஃபாக்ஸின் 'அண்டர்டேல்' (2015) இதில் எமகாதகம். ஒரு கதாபாத்திரத்தைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவிலிருந்து மறுபடி ஆடிக் காப்பாற்றினாலும், முதலில் செய்ததை அந்த கேம் ஞாபகம் வைத்துக் குத்திக்காட்டும்.

இது எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க 'டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்' (2018) உதவும். ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் நீங்கள் வந்த பாதை, விட்ட பாதை எல்லாவற்றையும் ஒரு வரைபடமாகக் காட்டிவிடும். எங்கே கதை பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

கையும் கதை சொல்லும்

சினிமாவில் காட்சி கதை சொல்லும். கேமில் நம் கை செய்கிற வேலையும் சேர்ந்து கதை சொல்லும். இதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் 'வெண்பா'. டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது.

அதில் நாம் செய்யும் முக்கிய வேலை சமையல். அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. ஆனால், பக்கங்கள் கிழிந்தும் அழிந்தும் கிடக்கின்றன. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதையே நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு எதெல்லாம் கையைவிட்டுப் போகிறது என்பதை ஒரு பக்க வசனத்தில் சொல்லியிருக்கலாம். இவர்கள் கிழிந்த நோட்டை நம் கையில் கொடுத்துவிட்டார்கள். விடுபட்டதை நாமே தேடும்போது, அந்த அம்மாவின் தவிப்பு நமக்கும் வந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கதையில் ஹீரோ 'உயிர் எவ்வளவு பெருசு தெரியுமா' என்று கண்ணீர் விடுவார். அடுத்த நிமிஷம் விளையாட்டில் நாம் நூறு பேரைச் சுட்டுத் தள்ளுவோம். கதை ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்ய, ரெண்டும் ஒட்டாது. 2007-ல் கேம் டிசைனர் க்ளின்ட் ஹாக்கிங் 'பயோஷாக்' பற்றி எழுதும்போது இந்த முரணுக்கு 'லூடோநேரேட்டிவ் டிஸ்ஸோனன்ஸ்' என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத பெயர்தான். ஆனா எழுத உட்காரும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி சிம்பிள்: 'என் கதையில விளையாடுறவரோட கை என்ன செய்யுது?'

வாங்க, ஒண்ணு எழுதிப் பார்ப்போம்

தலைப்பு: கடைசி பஸ். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருமங்கலம் போகும் கடைசி டவுன் பஸ். நீங்கள் கண்டக்டர். ஒரு பெரியவர் ஏறுகிறார். பர்ஸைக் காணோம்.

முதலில் விலையை வைப்போம். டிக்கெட் 15 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சட்டைப் பையில் இருப்பது 40 ரூபாய். வீட்டுக்குப் போகும் வழியில் மகளுக்கு இருமல் மருந்து வாங்க வைத்திருக்கிறீர்கள். மருந்தின் விலையும் 40. இந்த ஒரு தகவலைக் கதையின் தொடக்கத்திலேயே போகிற போக்கில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வலிக்காது.

அடுத்து சாய்ஸ். 'உதவி செய் / உதவி செய்யாதே' என்று எழுதாதீர்கள். கண்டக்டர் கையால் என்ன செய்வாரோ, அதை எழுதுங்கள்.

பெரியவர் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். "பர்ஸைக் காணோம் தம்பி..."

[[உங்க பாக்கெட்டிலிருந்து 15 ரூபாயை எடுக்கறீங்க->கைக்காசு]]
[["உட்காருங்கய்யா." டிக்கெட் மெஷினை இறக்கிக்கறீங்க->டிக்கெட் இல்லை]]
[[விசில் அடிக்கறீங்க. பஸ் நிக்குது->இறக்கிவிடு]]

இந்த சதுர அடைப்புக்குறி எல்லாம் பயமுறுத்த இல்லை. 'ட்வைன்' என்ற இலவச மென்பொருளில் சாய்ஸ் எழுதும் முறையே இதுதான். அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது திரையில் தெரியும் வரி. பின்னால் இருப்பது அடுத்த காட்சியின் பெயர். அவ்வளவுதான் கோடிங்!

இப்போது மூன்று வழியையும் ஒரே காட்சியில் சேர்ப்போம். திருப்பரங்குன்றத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுகிறார். எந்த வழியில் வந்தாலும் அவர் ஏறுவார். ஆனால், பேசுவது மாறும். கைக்காசு போட்டிருந்தால், பெரியவர் டிக்கெட்டைப் பெருமையாக நீட்டுகிறார். இன்ஸ்பெக்டர் இறங்கிப் போகிறார். பையில் 25 ரூபாய்தான் மிச்சம் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும். டிக்கெட் போடாமல் விட்டிருந்தால், "ஐயா, டிக்கெட் எங்க?" என்று கேட்கிறார், பெரியவர் உங்களைப் பார்க்கிறார், இங்கே இன்னொரு சாய்ஸ். உண்மையைச் சொல்லி மெமோ வாங்குவதா, 'இவர் இப்பத்தான் ஏறினார் சார்' என்று சமாளிப்பதா? இறக்கிவிட்டிருந்தால் இன்ஸ்பெக்டர் கணக்கு நோட்டைப் பார்த்தபடி சாதாரணமாகக் கேட்கிறார்: "பழங்காநத்தத்துல ஒரு பெரியவர் தனியா நின்னுட்டிருக்காரு. இதுதான் கடைசி பஸ்னு அவர்கிட்ட யாரும் சொல்லலையா?"

கடைசிக் காட்சி, இரவு, மருந்துக்கடை வாசல். மூன்று வழிக்கும் இது பொதுவானது. பையில் எவ்வளவு இருக்கிறது, சட்டைப் பையில் மெமோ இருக்கிறதா, அந்தப் பெரியவர் முகம் ஞாபகம் வருகிறதா என்பதைப் பொறுத்து நான்கைந்து வரிகள் மாறும். எண்ணிப் பாருங்கள், மொத்தம் ஆறேழு காட்சிகள். ஒரு வார இறுதியில் எழுதி முடித்துவிடலாம்.

எதுல எழுதலாம்?

ட்வைன்: 2009-ல் க்ரிஸ் க்ளிமாஸ் உருவாக்கியது. முற்றிலும் இலவசம். ட்வைனரி டாட் ஆர்க் தளத்தில் பிரவுசரிலேயே வேலை செய்யும். ஒவ்வொரு காட்சியும் ஒரு சின்னப் பெட்டி, பெட்டிகளுக்கு நடுவில் அம்புக்குறி என்று கதையே ஒரு வரைபடமாகத் தெரியும். 'பேண்டர்ஸ்நாட்ச்' கதையைத் திட்டமிட சார்லி ப்ரூக்கர் பயன்படுத்தியதும் இதைத்தான். போனிலும் திறக்கலாம், ஆனால் சின்னத் திரையில் பெட்டிகளை நகர்த்துவது கொஞ்சம் கஷ்டம். கதையை நோட்டில் எழுதிவிட்டு, லேப்டாப் கிடைக்கும்போது ஏற்றுவது சுலபம். ஒரு எச்சரிக்கை: கதை உங்கள் பிரவுசருக்குள்தான் சேமிக்கப்படும். பிரவுசர் டேட்டாவை அழித்தால் கதையும் போச்சு. அவ்வப்போது ஃபைலாக டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்க்: 'இங்க்கிள்' என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தன் சொந்தத் தேவைக்காக உருவாக்கி, 2016-ல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட ஸ்கிரிப்ட் மொழி. வரிவரியாக எழுதிப் பழகியவர்களுக்கு இது வசதி. மெக் ஜெயந்த் எழுதி, 2014-ல் டைம் இதழ் அந்த ஆண்டின் சிறந்த கேமாகத் தேர்ந்தெடுத்த '80 டேஸ்' இந்த முறையில் உருவானதுதான். உலகைச் சுற்றும் பணக்காரர் ஃபாக் அதில் ஹீரோ இல்லை. அவருக்குப் பெட்டி தூக்கும் வேலைக்காரர் பாஸ்பார்ட்டூவாகத்தான் நாம் ஆடுவோம். யார் கண்ணால் கதையைக் காட்டுகிறோம் என்பதே பாதி வெற்றி.

ரென்பை: படம், பின்னணி, இசை, வசனம் எல்லாம் சேர்ந்த விஷுவல் நாவல் வேண்டுமென்றால் இது. 2017-ல் கலக்கிய 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' இதில் செய்ததுதான். கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், ஆனாலும் இலவசம்.

தமிழ்ல எழுதினா வர்ற சிக்கல்கள்

இதை எந்த ஆங்கில டுடோரியலும் சொல்லித்தராது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. நமக்கு 'நீ'யா, 'நீங்க'ளா? கதாபாத்திரங்கள் ஆட்டக்காரரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று முதல் வரிக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். நட்பு கூடும்போது 'நீங்க' என்பது 'நீ'யாக மாறுவதையே கதையின் ஒரு திருப்பமாக வைக்கலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்த வசதி இல்லை!

அடுத்தது ஆண், பெண் விகுதி. ஆட்டக்காரர் தன் பாத்திரத்தைத் தானே தேர்ந்தெடுத்தால், 'வந்தான்', 'வந்தாள்' எல்லாம் மாற வேண்டும். கண்டக்டர் ஆண் என்றால் "தம்பி", பெண் என்றால் "ஏம்மா". ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை எழுதாமல் தப்பிக்க, கதையை முன்னிலையில் எழுதுவது நல்ல வழி. 'நீங்க வந்தீங்க' என்பது எல்லாருக்கும் பொருந்தும்.

மூன்றாவது, பெயர். 'உங்க பெயரை டைப் பண்ணுங்க' என்று கேட்டு அதை வசனத்தில் போட ஆசை வரும். பெயரோடு 'ஐ' சேர்த்தால் கவின் 'கவினை' ஆவார், ராஜா 'ராஜாவை' ஆவார். கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. 'ராஜாஐப் பார்த்தார்' என்று துப்பும். பெயரைக் கூப்பிடுகிற இடத்தில் மட்டும் வையுங்கள்: "ராஜா, இங்க வாங்க." பிரச்னை தீர்ந்தது. கம்ப்யூட்டர் ஞாபகம் வைக்கும் குறிப்புகளின் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொண்டால் தலைவலி குறையும்.

கடைசியாக, நீளம். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளம். போன் திரையில் ஒரு பட்டனுக்குள் ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் வைத்தால் நெரிசல்தான். எழுதியதைப் போனில் திறந்து பார்த்துவிட்டுச் சுருக்குங்கள்.

அடுத்தவங்க கையில கொடுங்க... வாயைத் திறக்காதீங்க!

எழுதி முடித்ததும் நண்பரிடம் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஆனால், எதையும் விளக்காதீர்கள். 'அது என்னன்னா...' என்று நீங்கள் பேச வேண்டிய ஒவ்வோர் இடமும் கதையில் ஓட்டை. விரல் எங்கே தயங்குகிறது, எங்கே படிக்காமல் வேகமாகத் தட்டுகிறார் என்று பாருங்கள். தயங்கினால் சாய்ஸ் வேலை செய்கிறது. தட்டிக்கொண்டே போனால் அந்தப் பத்தியை வெட்டலாம். ஐந்து பேரும் ஒரே சாய்ஸையே எடுத்தால், மற்ற வழியின் விலை அதிகம் அல்லது இந்த வழிக்கு விலையே இல்லை. போய்ச் சரிசெய்யுங்கள்.

இதுல வேலை கிடைக்குமா பாஸ்?

கிடைக்கும். ஆனா, சர்க்கரை தடவிச் சொல்ல முடியாது. 'தி வாக்கிங் டெட்' மூலம் கதை கேம்களுக்கே புது மவுசு கொடுத்த டெல்டேல், 2018 செப்டம்பரில் பெரும்பாலான ஊழியர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. 2023-ல் யூபிசாஃப்ட் நிறுவனம் 'கோஸ்ட்ரைட்டர்' என்ற ஏஐ கருவியை அறிவித்தது. தெருவில் போகிறவர்கள் பேசும் அந்தத் துக்கடா வரிகளுக்கு முதல் வரைவு எழுதித் தருவதுதான் அதன் வேலை. புதிதாக வருகிறவர்கள் கை பழகுவது பெரும்பாலும் அதே வரிகளில்தான் என்பதை மறக்க வேண்டாம். ஏஐ-யிடமிருந்து பாதுகாப்பு கேட்டு அமெரிக்காவில் கேம்களுக்குக் குரல், நடிப்பு கொடுக்கும் கலைஞர்கள் 2024 ஜூலையில் தொடங்கிய ஸ்ட்ரைக் 2025 ஜூன் வரை நீடித்தது.

அப்போ நம் கையில் என்ன இருக்கிறது? காவலாளி கத்தும் வரியை இருபது விதமாக மெஷின் எழுதிவிடும். இருமல் மருந்துக்கும் பெரியவரின் டிக்கெட்டுக்கும் நடுவில் ஒரு கண்டக்டரை நிறுத்துவது எப்படி என்பது அந்த பஸ்ஸில் போனவருக்குத் தெரியும். ராபர்ட் குர்விட்ஸ் என்ற எஸ்டோனிய எழுத்தாளர் 2013-ல் ஒரு நாவல் எழுதினார். அது சரியாகப் போகவில்லை. அதே கற்பனை உலகத்தை அவரும் நண்பர்களும் கேமாக்கினார்கள். பத்து லட்சம் வார்த்தைகளுக்கு மேல் எழுதப்பட்ட அந்த 'டிஸ்கோ எலிசியம்' 2019-ல் வெளியாகி, அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் நான்கு விருதுகளை அள்ளியது.

வேலை தேடும்போது சர்டிஃபிகேட்டைவிட, விளையாடிப் பார்க்கக்கூடிய ஒரு சின்ன கேம் அதிகம் பேசும். ட்வைனில் செய்ததை ஒரே ஃபைலாக எடுத்து, இட்ச் டாட் ஐஓ தளத்தில் இலவசமாகப் போடலாம். ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் 'குளோபல் கேம் ஜாம்' மாதிரியான நிகழ்வுகளில் சேரலாம். அங்கே கோடிங் தெரிந்தவர்களும் வரைகிறவர்களும் கதை எழுதுகிறவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். 1995 முதல் ஆண்டுதோறும் நடக்கும் 'ஐஎஃப் காம்ப்' என்ற எழுத்து கேம் போட்டியின் படைப்புகளை இலவசமாகவே விளையாடிக் கற்றுக்கொள்ளலாம்.

நாலு வாரத் திட்டம்

முதல் வாரம்: கதை உள்ள ஒரு கேமை ரெண்டு தடவை விளையாடுங்க. ரெண்டாவது தடவை எல்லா சாய்ஸையும் மாற்றி எடுங்க. எது உண்மையில் மாறுது, எது மாறின மாதிரி நடிக்குதுன்னு நோட்டில் எழுதுங்க.

ரெண்டாவது வாரம்: ஒரே ஓர் இடம், ரெண்டு பேர், ஒரு சாய்ஸ். ரேஷன் கடை, ஹாஸ்டல் ரூம், கல்யாண மண்டபத்துப் பந்தி, எதுவானாலும் சரி. விலை என்னன்னு ஒரே வரியில் எழுத முடியணும். முடியலைன்னா வேற கதை தேடுங்க.

மூன்றாவது வாரம்: அதை ட்வைனில் ஏற்றுங்க. பத்துக் காட்சிக்கு மேல் போகாதீங்க.

நாலாவது வாரம்: மூன்று பேரை விளையாட வைத்து, திருத்தி, வெளியிடுங்க.

அந்தக் கண்டக்டர் கதையையே எடுத்துக்கொண்டு தொடங்கினாலும் சரி. ஊரை மாற்றுங்க, ஆளை மாற்றுங்க. 40 ரூபாயை மட்டும் அப்படியே வைங்க... அதுதான் கதை!